அரசர் வெட்டிய ஏரி

ஏழு மலைகளுக்கு அப்பால், வரைபடம் போடுகிறவர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்டு வந்த இடத்தில், கோமேதகபுரி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட அகண்டபூபதிக்கு எல்லாம் இருந்தது, சுயசரிதைதான் இல்லை. பக்கத்து நாட்டு அரசர் ஒன்றுக்கு இரண்டாக வெளியிட்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அரண்மனை வாசலில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த மயிலாத்தாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் குரலிலேயே எழுதிவிடுவாள். ஆடு தொலைத்தவனின் மனுவை வாசித்தால் அவனே எதிரில் நின்று அழுவது போலிருக்கும். நூல்துறை அமைச்சர் தண்டபூஷணர் அவளிடம் ஒப்பந்தத்தை நீட்டினார்.

"நூலில் உன் பெயர் வராது. எழுதியது நீ என்று எவரிடமும் சொல்லலாகாது. உனக்கு நீயே கூடச் சொல்லிக்கொள்ளலாகாது."

"சரிங்க. எங்க ஊரு கள்ளிவலசுக்கு வாரத்துக்கு ரெண்டு தண்ணி வண்டிதானுங்க வருது. ஒரு ஏரி வெட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அது நீர்த்துறை. நான் நூல்துறை. கையெழுத்துப் போடு."

மறுநாள் அரசரின் எதிரில் போய் உட்கார்ந்தாள். ஆளைப் பேசவிட்டுக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் பாதி.

"எளம வயசுல என்னங்க பண்ணுனீங்க, மகாராஜா?"

"பிறந்தோம்."

"அப்பறமுங்க?"

"முடிசூட்டினார்கள்."

"நடுவுல?"

அரசர் வெகுநேரம் யோசித்தார். "பசித்தது. சாப்பிட்டோம்."

முந்நூறு பக்கத்துக்கு இது போதாது. ஆனால் அவர் மூச்சுக்கு மூச்சு 'நாமே நம் கையால்' என்று சொல்வதை மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள். குரல் கிடைத்துவிட்டது; வாழ்க்கைதான் பாக்கி. அதைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் போட்டாள்.

அந்த நாட்டு மனுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'பாலம் கட்டித் தாருங்கள்' என்று எழுதமாட்டார்கள். 'தாங்கள் கட்டிய பாலத்தில் நடந்து மகிழ்கிறோம்' என்று எழுதுவார்கள். படிக்கிற அதிகாரி வெட்கப்பட்டு ஓடிப்போய்க் கட்டிவிடுவார். அதிகாரிகளுக்கு வெட்கம் இருந்த காலத்து வழக்கம் அது. கை பழகிய தோஷத்தில் மயிலாத்தாள் எட்டாம் அத்தியாயத்தில் இப்படி எழுதினாள்: 'கள்ளிவலசில் நாமே நம் கையால் ஏரி வெட்டினோம். மண்வெட்டி பட்டு இடது கால் பெருவிரல் கிழிந்தது.' காயம் அவளுடையது. ஊற்றுக்குழி தோண்டும்போது பட்டது.

அரசர் அதைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். "எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம்! மறந்தே போய்விட்டது." வெட்கம் மட்டும் படவில்லை.

நூல் வெளிவந்த அன்றே, அதில் உள்ளதெல்லாம் நடந்ததே என்று ஓர் ஆணை வந்தது. ஏரியுள்ள ஊருக்குத் தண்ணீர் வண்டி எதற்கு என்று அடுத்த ஆணை கேட்டது. அதற்குப் பிறகு வந்த ஆணைகளை மயிலாத்தாள் தன்னைத் தேடி ஊரிலிருந்து வந்த தம்பி காளியண்ணன் வாயால்தான் கேட்டாள்.

"என்னக்கா இந்தக் கூத்து? வண்டிய நிறுத்திப் போட்டாங்க. பொட்டல்ல நடந்தா முழுகிப் போயிருவோம்னு காவல் போட்டாங்க. இப்ப ஏரி ஒடையப் போகுதுன்னு ஊரையே காலி பண்ணிக் கரட்டுக் குன்று மேல ஏத்திப் போட்டாங்க. தொண்டைய நனைக்கப் பொட்டுத் தண்ணியில்ல. ஏரின்னு எந்தப் பாவி எழுதுனானோ, அவன் கை வெளங்காமப் போக!"

மயிலாத்தாள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது என்று நேரே சபைக்குப் போனாள்.

"மகாராஜா, அங்க ஏரியே இல்லீங்க. நான்தானுங்க எழுதுனேன். அந்தக் காயங்கூட என்னுதுங்க." காலை முன்னால் வைத்துத் தழும்பைக் காட்டினாள்.

அரசர் பாதரட்சையைக் கழற்றித் தம் பெருவிரலைப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. "நமக்கு ஆறிவிட்டது," என்றார் பெருந்தன்மையோடு. சபை கைதட்டியது.

தண்டபூஷணர் அவளைத் தனியே அழைத்துப்போய் ஒரு தாளைக் கொடுத்தார். "ஒப்பந்தத்தை மீறியதற்குச் சிறை. மாமன்னரின் கருணையால் மன்னிப்புக் கடிதத்தோடு விடுகிறோம். கையெழுத்துப் போட்டால் உன் ஊர்த் தண்ணீர் வண்டியை உடனே பரிசீலிப்போம்."

அவள் படித்தாள். 'மயிலாத்தாள் எழுதிக்கறதுங்க. பொறாமையில புத்தி கெட்டுப் பேசிப்போட்டேனுங்க. எங்க ஊரு ஏரியில தெனமும் முங்கிக் குளிக்கறேனுங்க. தண்ணி கழுத்து மட்டுக்கும் நிக்குதுங்க.' அவள் பேச்சு அப்படியே இருந்தது. தொழில் தெரிந்தவளாக, மெச்சாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"நல்லா எழுதியிருக்குதுங்க. யாருங்க எழுதுனது?"

"நீதான்," என்றார் தண்டபூஷணர்.

ஊர் திரும்பிய தம்பி கரட்டின் மேல் நா வறண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வாழ்நாளில் அவள் பெயரோடு அச்சாகப்போகிற முதல் எழுத்து அதுதான்.

"தண்ணி வண்டிங்க?"

தண்டபூஷணர் கடிதத்தை வாங்கி, முதல் தடவை பார்க்கிறவர் போல நிதானமாகப் படித்தார்.

"கழுத்தளவு தண்ணீர் நிற்கிறது என்று நீயே உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். பிறகு வண்டி எதற்கம்மா?"