நிலாத் தூசியின் மேற்கோள் கணக்கு

"என் கட்டுரையில நாலாம் டேபிள்ல நிலாத் தூசி நம்பர் கொஞ்சம் இடிக்குது. நீ கைவைக்காத ஆஸ்மா, நான் வந்து பாத்துக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ரொட்டி வாங்க இறங்கினார் ரஃபீக். சிங்கப்பூரின் பொங்கோலில், அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே, கடை வாசலிலேயே சரிந்தவர் திரும்பி வரவில்லை.

ஆஸ்மா கைவைக்கவில்லை. ரஃபீக் ஆசிரியராக இருந்த விண்வெளி ஆய்விதழில், அவர் எழுதிய கடைசிக் கட்டுரை அப்படியே அச்சானது.

லிட்டில் இந்தியாவில், நகைக்கடை மாடியில் இருந்தது அலுவலகம். இதழின் உரிமையாளர் பரமசிவம், உதவி ஆசிரியரான ஆஸ்மாவைக் கூப்பிட்டார்.

"சராசரியா ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோள்கூட வரல. இதழோட மதிப்பைச் சொல்ற இம்பேக்ட் நம்பர் ஒண்ணுக்குக் கீழ. அடுத்த வருஷமும் இப்படின்னா மூடிடுவேன். முதல் பக்கத்துல ஆசிரியர்னு ரஃபீக் பேர் வேற இன்னும் கிடக்கு. எடுங்க."

"எடுக்க மாட்டேன் சார். நம்பரை ஏத்திக் காட்டுறேன்."

"ஏறலைன்னா?"

"பேரோட சேத்தே மூடுங்க."

கட்டுரை அனுப்புகிறவர்கள் நம் இதழின் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் எழுதினாள். காட்டினார்கள். சனி வளையத்தைப் பற்றி எழுதியவர் விண்கலக் கழிப்பறைக் கட்டுரையை மேற்கோள் காட்டினார். கணக்கெடுக்கும் நிறுவனம், சொந்த இதழுக்குள் சுற்றும் மேற்கோள் செல்லாது என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டது. எச்சரிக்கையும் வந்தது.

நிறையக் கட்டுரை போட்டால் நிறைய மேற்கோள் வரும் என்று இதழைத் தலையணை அளவுக்குத் தடிமனாக்கினாள். எண் இன்னும் இறங்கியது.

"அக்கா, மேற்கோளைக் கட்டுரை எண்ணிக்கையாலதானே வகுக்கிறாங்க" என்று தலையில் கைவைத்தாள், கணினியில் கணக்குப் பார்க்கும் அஃப்னா. "கறியைக் கூட்டாம சோத்தை மட்டும் கூட்டினா பிரியாணியா லா?"

பரமசிவம் அறைக்கு வெளியே வந்தே கத்தினார். "அந்த நாலாம் டேபிளும் தப்பாம்! ஊரே சிரிக்குது. திருத்தம் போடுங்க."

"அவர் வந்து பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

"ஆஸ்மா..."

"தெரியும் சார். ஆனா நான் கைவைக்க மாட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார்.

ஆண்டு முடிந்து எண் வெளியான அன்று அஃப்னா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அக்கா, ரெண்டைத் தாண்டிடுச்சு!"

பரமசிவம் கண்ணாடியைத் தேடினார். "எந்தக் கட்டுரை?"

"ஒரே கட்டுரைதான் சார். ரஃபீக் சாரோட நிலாத் தூசி. ஜப்பான், பிரேசில், ஜெர்மனி, எல்லாரும் அந்த டேபிள் தப்புன்னு மேற்கோள் காட்டி எழுதியிருக்காங்க."

"திட்டுறதையுமா எண்ணுவாங்க?"

"திட்டினாலும் ஒண்ணு, புகழ்ந்தாலும் ஒண்ணுதான்."

ஆஸ்மாவுக்குக் கோபம் வந்தது. "மௌத்தானவரை ஏன் இப்படி விடாமப் பிடிச்சுத் திட்டுறாங்க?"

அஃப்னா இதழின் முதல் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள்.

"பேர் இருக்கே அக்கா. சார் பதில் போடுவார்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

நாலாம் அட்டவணையில் அந்த எண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.