நின்றுபோன கப்பலில் நாற்பது பங்கு

கப்பல் நகரவில்லை. பதினோரு நாளாக எங்கோ ஒரு ஜலசந்தியின் வாயில் நின்றுகொண்டிருந்தது. இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் ஒரு நாடு, இரண்டுக்கும் சண்டை. இரண்டின் பெயரையும் சரியாக உச்சரிக்கத் தெரியாத குடைக்காரர் தன் கடையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கப்பல் கம்பெனியில் அவருக்கு நாற்பது பங்கு. கணக்குப் பார்த்தால் கப்பலில் ஒரு ஆணி அவருடையது. அந்த ஆணிக்குள்தான் மகளின் கல்லூரிப் பணம் மொத்தமும் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள். பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எட்டு வருடம் குடைத்துணி தைத்து அவள் அம்மா சேர்த்த பணம். பத்தே நாளில் இரட்டிப்பாக்கித் திருப்பி வைத்துவிடலாம் என்று குடைக்காரர் அதை யாரிடமும் சொல்லாமல் எடுத்திருந்தார்.

யோசனை வந்த இடம் சலூன். மழை இல்லாத மாதங்களில் குடை விற்காது. குடைக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் சவரத்துக்குப் போய்விடுவார். பெஞ்சில் கிடக்கும் மூன்று வாரப் பழைய செய்தித்தாளை மேலோட்டமாகப் பார்ப்பார். நாற்காலியில் சாய்வார். வெந்நீரில் பிழிந்த துண்டு முகத்தில் விழுந்ததும் தெருவெல்லாம் தண்ணீர் ஏறும். கடையிலிருந்த குடைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து படகுகளாகி மிதக்கும். அவற்றில் தூரதேசத்து ராஜாக்கள் உட்கார்ந்து, தங்கள் சண்டைகளை என்ன செய்யலாம் என்று அவரிடம் யோசனை கேட்பார்கள். அவரும் சளைக்காமல் சொல்வார். கன்னத்தில் படிகாரம் உரசும்போது தண்ணீர் வடிந்துவிடும்.

அப்படி ஒருநாள் கண்விழித்தபோதுதான் சலூன்காரர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"நம்ம கடைக்கு ஒரு பெரிய மனுஷர் வர்றார் சார். உலக விஷயம் அத்தனையும் அத்துப்படி. கண்ணை மூடிக்கிட்டே சொல்வார். கப்பல்லதான் காசுன்னு சொல்லிட்டார்."

யார் அவர் என்று குடைக்காரர் கேட்டார்.

"வெளியில சொன்னா அவருக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா சார்" என்று கண்ணாடி வழியாக அர்த்தத்தோடு சிரித்தார் சலூன்காரர்.

மறுநாளே நாற்பது பங்கு. அதற்கு மறுநாள் சண்டை.

பதினோரு நாள் பொறுத்தும் கப்பல் நகராததால் பதறிப்போய்ச் சவரத்துக்கு ஓடினார். துண்டு விழுந்தது, தூங்கினார், எழுந்தார். விலை இறங்கும்போதுதான் இன்னும் வாங்க வேண்டும் என்று பெரிய மனுஷர் சொன்னதாகத் தகவல் கிடைத்தது. மழைக்காலச் சரக்குக்கு வைத்திருந்த பணமும் கப்பல் ஏறியது. அன்று சலூனில் ரேடியோ பாடவில்லை. அது இருந்த மாடத்தில் ரேடியோவே இல்லை.

அடுத்த சவரத்தில் பெரிய மனுஷர் கப்பலை விட்டுச் செம்புச் சுரங்கப் பங்குக்கு மாறியிருந்தார். குடைக்காரர் கப்பல் பங்கு எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றுச் செம்பு வாங்கினார். அன்று மாலையே இரண்டு நாடுகளும் கைகுலுக்கிக்கொண்டன. கப்பல் கம்பீரமாக நகர்ந்தது. செம்பு விழுந்தது. சலூனில் இரண்டு நாற்காலிகளில் ஒன்றைக் காணோம். பழுதுபார்க்கப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் அம்மா அலமாரியைத் திறந்தாள்.

பணம் எங்கே என்று கேட்டதும் குடைக்காரர் சலூன் கதை முழுவதையும் ஒப்பித்தார். பிறகு அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்: "ஏங்க, நீங்க குடை விக்கிறவரு. நாளைக்கு மழை வருமான்னே உங்களுக்குச் சொல்லத் தெரியாது."

மகள் அழவில்லை. "முகம் தெரியாத ஒருத்தர் சொன்னாருன்னு எங்கயோ நிக்கிற கப்பலை வாங்கினீங்க. பக்கத்துல நிக்கிற என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை இல்ல?"

இருப்பதை விற்றால் பாதிக் கட்டணம் தேறும். மீதியை அந்தப் பெரிய மனுஷரிடமே வசூலிப்பது என்று அவள் முடிவுசெய்தாள். படித்தவர், நியாயம் தெரிந்தவராக இருப்பார் என்றார் அப்பா. நியாயம் தெரியாவிட்டால் நான் சொல்லித்தருகிறேன் என்று செருப்பை மாட்டினாள்.

சலூனில் சுவர்க் கண்ணாடியும் போயிருந்தது. அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மிச்சமிருந்த ஒரே நாற்காலியைச் சலூன்காரர் பயபக்தியோடு துடைத்துவிட்டார். பழக்கதோஷம், குடைக்காரர் போய்ச் சாய்ந்துகொண்டார். முகத்தில் துண்டு விழுந்தது. தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "உங்க பெரிய மனுஷர் எங்க இருக்கார்? எனக்கு இப்பவே அவரைப் பார்க்கணும்."

சலூன்காரர் உதட்டில் விரலை வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டைப் பிரித்து, நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"மெதுவா பேசும்மா. இப்பத்தான் கண்ணை மூடியிருக்கார். இனிமேதான் சொல்ல ஆரம்பிப்பார்."