நிற்காத சக்கரமும் பின் எஞ்சினும்

பால் அடிப்பிடிக்கிற வாசம் வந்தால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். என் விஞ்ஞானம் கருகியதும் அதே வாசத்தில்தான்.

மின்வெட்டுக் காலம். கண்டியில் எங்கள் மஹய்யாவ முழுக்க மெழுகுவர்த்தி தேடி அலைந்தது. நான் மட்டும் மனத்தால் ஜெர்மனியில் அலைந்தேன். முந்நூறு வருடங்களுக்கு முன் அங்கே ஒருவர், பூட்டிய அறைக்குள் ஒரு பெரிய சக்கரத்தை வாரக்கணக்காகத் தானே சுற்ற விட்டாராம். உட்புறத்தை யாருக்கும் காட்டவில்லை. பக்கத்து அறையிலிருந்து நாங்கள்தான் சுற்றினோம் என்று வேலைக்காரி பிறகு சொன்னாளாம். (பொறாமை என்று நினைத்தேன்.) என் ஊகம் வேறு: இறங்கும் பக்கத்தில் எடைகள் கை நீட்டும், ஏறும் பக்கத்தில் மடக்கிக்கொள்ளும்; நீட்டிய கையே எப்போதும் வெல்லும். சைக்கிள் சக்கரத்தில் தராசுப் படிகளைக் கட்டிச் செய்தும் பார்த்தேன். ஒன்பது சுற்று. பிறகு, பெருமூச்சு விட்டதுபோல் நின்றது.

அந்த வாரம்தான் கடுகண்ணாவையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள், பெண்ணையும் அழைத்துக்கொண்டு. முப்பத்தெட்டு வயதில் எனக்குக் கூடிவந்த ஒரே சம்பந்தம். என்னைக் காட்டிப் பயனில்லை, சக்கரத்தைக் காட்டுவோம் என்று தீர்மானித்தேன். பலகைச் சுவரில் ஓட்டை போட்டு, அச்சை அடுப்படிக்குள் நீட்டி, அக்காவின் தையல் மெஷின் வாரோடு பூட்டினேன். (உராய்வுக்கு ஒரு வழி பிறக்கும்வரை மட்டும்.) உள்ளே அக்கா மிதித்தாள். பக்கத்தில் அடுப்பில் பால்.

சக்கரம் ராஜநடை போட்டது. இனி கண்டிக்கே கரண்ட் கட் இல்லை என்கிற அளவுக்குப் பேசிவிட்டேன். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கடுகண்ணாவ ஏத்தத்துல முன் எஞ்சின் எவ்வளவு சத்தம் போட்டாலும், பின்னால ஒண்ணு தள்ளணும் தம்பி. இதுக்குப் பின்னால என்ன தள்ளுது?"

"புவியீர்ப்பு," என்றேன்.

அப்போதுதான் வாசம் வந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் நிற்கும் என்று அக்கா எழவில்லை. நானும் குரலை உயர்த்தி ஜெர்மனியை விளக்கிக்கொண்டிருந்தேன். பெண், அதாவது மலர், எழுந்து பாலை இறக்க உள்ளே போனாள். சக்கரம் தயங்கியது, நின்றது.

"அப்பா, பின் எஞ்சின் இங்க இருக்கு. பாவம், கால் வெறச்சுப் போச்சு."

அவர் கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். பால் இல்லாததால் பிளேன்டீயோடு உபசாரம் முடிந்தது.

இன்றும் நான் எதற்காவது பெருமையடித்தால் மலர் செருப்பு மாட்டுவதுபோல் குனிவாள். வசனத்தை அக்கா சொல்லிவிடுவாள். அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மலர் சொன்னது அது:

"மொதல்ல அந்த ஓட்டைய அடைங்க. அக்கா காலுக்குத் தைலம் தேச்சுவிடுங்க. அப்புறம் சொல்லி அனுப்புங்க. போயிட்டு வர்றோம்."