எனக்குச் சரியாத்தானே தெரியுது!

உலகத்தில் ஓர் இனம் உண்டு. வாலில்லை, கொம்பில்லை, பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். தெருவே இருட்டில் கிடக்கும்போது "எங்க வீட்ல கரண்ட் இருக்கே" என்று எட்டிப் பார்த்துச் சொல்வது அதுதான். பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் சாம்பாரில் உப்பில்லை என்று முகம் சுளிக்க, "எனக்குச் சரியாத்தானே இருக்கு" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வதும் அதுதான். தன் கண்ணுக்குத் தெரிந்தால் உலகத்துக்கே தெரிந்ததாக அர்த்தம். தெரியாதவன் கண்ணில் கோளாறு. உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருப்பார். குடும்பத்தில் கட்டாயம் இருப்பார்.

இந்த இனத்தின் உயர் ரகம் வெப்சைட் செய்பவர்களிடையே விளைகிறது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் சோலைராஜைச் சொல்கிறேன். நல்ல பையன். ஆனால் வேகப் பைத்தியம். தான் செய்த வெப்சைட் கண் இமைப்பதற்குள் திறக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இதற்காகவே எங்கிருந்தோ ஒரு வரியை எடுத்துவந்து சர்வரில் ஒட்டிவைத்திருந்தான். அந்த வரி, பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு போனிடமும் இப்படிச் சொல்லும்: "இந்தா, வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள். இன்னும் ஒரு வருஷத்துக்கு இதையே காட்டு. என்னிடம் வந்து மறுபடி கேட்காதே."

லோகோவுக்கு இது அருமையான ஏற்பாடு. அது எங்கே மாறப்போகிறது? ஆனால் சோலைராஜ் பாரபட்சம் பார்க்காதவன். எல்லாப் பக்கங்களுக்கும் அதே வரி. வெப்சைட்டோ, ஒரு திருமணத் தகவல் மையத்துடையது.

என்ன நடக்கும் என்று புரிகிறதா? மேலே கேளுங்கள்.

மம்சாபுரம் யுவராணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது அந்த வெப்சைட்டில்தான். நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். பெண்ணின் அம்மா அய்யம்மாள் சொன்னதும், சோலைராஜ் யுவராணியின் படத்தை எடுத்துவிட்டு "வரன் முடிவாகிவிட்டது" என்று போட்டான். பழசு எதையும் சேர்த்துவைக்காத தன் கம்ப்யூட்டரில் சரிபார்த்தான். மாறியிருந்தது. ஆகவே உலகமே மாறிவிட்டது என்று டீ குடிக்கப் போய்விட்டான்.

பழைய பக்கம் எங்கே தங்கும்? முன்பே அதைப் பார்த்த போன்களில்தான். அதிகமாகப் பார்த்தது யார்? மாப்பிள்ளையின் அம்மா வெங்கடேஸ்வரி! வரப்போகிற மருமகளின் படத்தைப் பால்காரருக்கு, கேஸ் கொண்டுவருகிறவருக்கு, கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவருக்கு, பின்னால் நிற்கிறவருக்கு என்று பாகுபாடில்லாமல் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். வாட்ஸப்பில் வந்த லிங்க்கைத் தொடுவார், யுவராணி வந்து சிரிப்பாள். ஒருநாள் பூக்காரி பிச்சையம்மாள் படத்துக்குக் கீழேயும் படித்துவிட்டாள்.

"ஏக்கா, இன்னும் 'வரன் தேவை'ன்னுல்லா போட்ருக்கு?"

வெங்கடேஸ்வரி படித்தார். மறுநாளும் படித்தார். நிச்சயம் முடிந்த பிறகும் பெண் வீட்டில் வேறு இடம் தேடுகிறார்கள்! போன் மம்சாபுரத்துக்குப் பறந்தது. அங்கிருந்து ராஜபாளையத்துக்குப் பறந்தது.

"எனக்குச் சரியாத்தானே தெரியுது, அக்கா. அவிய போன்லதான் பிரச்சின. கேஷ் கிளியர் பண்ணச் சொல்லுங்க."

"அப்படின்னா என்ன தம்பி?"

"பழசெல்லாம் போன்ல அடைஞ்சு கெடக்கும்லா? அதத் தொடைக்கணும்."

அய்யம்மாள் இதைச் சம்பந்தியிடம் பக்குவமாகச் சொன்னார்: "மதினி, உங்க போன்ல அழுக்கு அடைஞ்சு கெடக்காம். தொடைச்சாச் சரியாப் போயிருமாம்."

மாப்பிள்ளை வீட்டில் அழுக்காமே! அதற்குப் பிறகு வெங்கடேஸ்வரி போனை எடுக்கவே இல்லை. பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்ததையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சமாதானம் பேச வேண்டிய மாப்பிள்ளையோ சிக்னல் இல்லாத ஏதோ ஒரு கடலில் மிதந்துகொண்டிருந்தார்.

யுவராணி நேராக சோலைராஜின் மாடி ஏறினாள்.

"அண்ணே, என் கல்யாணம் நிக்குது."

"ஆனா எனக்குச் சரியாத்..."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? நீங்களா என்னைக் கட்டப் போறீங்க?"

சோலைராஜ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒட்டிவைத்த அந்த வரியை முதல் தடவையாக முழுசாகப் படித்தான். படித்ததும் காது சிவந்தது. மளமளவென்று மாற்றினான்: லோகோவை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் பக்கங்களை ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுவிட்டுக் காட்டு.

"இப்ப அத்தை போன்ல மாறிருமா?"

"மாறாது."

"ஏன்?"

"அது வந்து கேட்டாத்தான புதுசச் சொல்ல முடியும்? ஒரு வருஷத்துக்கு வராதன்னு நான்ல்லா சொல்லி வச்சிருக்கேன்."

அய்யம்மாளையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்கள். வழி நெடுக சோலைராஜ் சர்வர், ஹெடர் என்று அந்த ஒற்றை வரிக்கு விளக்கம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அத்தை என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க" என்றாள் யுவராணி. சொன்னான். அதைக் கேட்டு அவள் முறைத்த முறைப்பில் அவன் ஜன்னலுக்கு வெளியே புளியமரங்களை எண்ண ஆரம்பித்தான்.

வெங்கடேஸ்வரி வாசலிலேயே நின்றார். "வாங்க, வாங்க. அழுக்கு வீட்டுக்குள்ள காலு வைக்கலாமா?"

அய்யம்மாள் கையைப் பிசைந்தார். சோலைராஜ் தொண்டையைக் கனைத்தான். "அம்மா, சர்வர்ல ஒரு ஹெடர் இருக்கு..."

"அண்ணே, செத்த சும்மா இருங்க. அத்தே, அந்தப் பக்கத்தத் தொறங்க. பெருவெரல வச்சுக் கீழ இழுத்து விடுங்க."

இழுத்தார். குட்டி வட்டம் ஒன்று சுற்றியது. அய்யம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "வரன் முடிவாகிவிட்டது" என்று வந்து நின்றது.

"அம்புட்டுத்தானா?" வெங்கடேஸ்வரி சோலைராஜை ஏற இறங்கப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்ல என்னலே? வாய் வலிக்குமா?" உடனே முகம் வாடியது. "ஆமா, புள்ள படம் எங்க? அதத்தான தெனம் எல்லார்ட்டயும் காட்டிட்டுத் திரிஞ்சேன். ஒழுங்கா மறுபடியும் வையி!"

வைத்தால் மறுபடி வரன் வரும் என்று சோலைராஜ் முழிக்க, யுவராணி போனை வாங்கி, அத்தையின் தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரு செல்ஃபி எடுத்தாள்.

"இது உங்க போன்லயே இருக்கும், அத்தே. யார்ட்டயும் கேக்க வேண்டாம்."

அன்றே பத்திரிகை அச்சுக்குப் போனது. கப்பலும் கரை சேர்ந்து கல்யாணம் ஜோராக நடந்தது. பந்தியில் யாரோ பாயசத்தில் இனிப்பு குறைவு என்றார்கள். "எனக்குச் சரியாத்தானே இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று சொல்லவும் வேண்டுமா?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போன் போட்டு, அக்கா மகளிடம் "பரீட்சைக்கு ஒழுங்காப் படிக்கியா?" என்று அதட்டினீர்களே, அவள் இப்போது கல்லூரியில் பரீட்சைத் தாள் திருத்துகிறாள். குடிகாரன் என்று நீங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் சித்தப்பா, குடியை விட்டுப் பேரனும் எடுத்துவிட்டார். வேண்டுமானால் பெருவிரலை வைத்து ஒரு தடவை கீழே இழுத்துப் பாருங்களேன்.

தேவையில்லை என்கிறீர்களா? அதுவும் சரி. உங்களுக்குத்தான் எல்லாம் சரியாகத் தெரிகிறதே!