முகாமுக்கு ஒரு மடக்குக்கத்தி

கத்தி திறக்கவே மாட்டேன் என்றது.

துளசிராமன் அலகில் இருந்த பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். நகம்தான் பெயர்ந்தது. "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். திருவள்ளூர் பஜாரில், "கிண்ணுனு இருக்கும் சார்" என்று கடைக்காரர் நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்த மடக்குக்கத்தி அது.

"தக்காளி வெட்டத்தானே? நம்ம ஊட்டு கத்தியவே எடுத்துக்கினு போங்களேன்" என்றாள் மனைவி நர்மதா.

"அது மடங்காது."

"மடங்கி இன்னா பண்ணப்போவுது?"

"உனக்கு கேம்ப் பத்தித் தெரியாது நர்மதா."

அவருக்கும் தெரியாது. காக்களூர் எஸ்டேட்டில் லாரிக்கு பிராக்கெட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பார்க்கிறவர் அவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தள்ளிவிடுவார். போன வருஷம் கம்பெனி டூருக்கு வந்த மூன்று வேன்களையும் டயர் சரியில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதில், டூரே கம்பெனி வாசலோடு முடிந்துபோயிற்று.

இந்த வருஷம் பூண்டி ஏரிப் பக்கம் ஒரு தோப்பில் கூடாரம் போட்டு ஒரு நாள் தங்குவதாக ஏற்பாடு. வேன், சாப்பாடு, விளையாட்டு என்று ஆளுக்கொரு பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த மேனேஜர் நந்தினி, அவரை மட்டும் தனியாக அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், கேம்ப்புக்கு ஒரு நல்ல மடக்குக்கத்தி வேணும். ஐநூறு ரூபாய்க்குள்ள. எல்லா வேலைக்கும் ஆகணும். உங்களத் தவிர வேற யாராலயும் இதச் சரியாப் பாத்து வாங்க முடியாது."

துளசிராமன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "இதையும் தள்ளிட்டீங்களா சார்?" என்பதைத் தவிர அந்தக் கம்பெனியில் யாரும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். அலகு மூன்று அங்குலம். துரு ஏறக் கூடாது. திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், மடித்தால் மடிந்தே இருக்க வேண்டும். கயிறு, குச்சி, தக்காளி மூன்றையும் வெட்ட வேண்டும். நாற்பத்தொரு வீடியோ பார்த்தார். நாற்பத்தொன்றும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின.

திறக்காத கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். திறந்தது. இப்போது மூட மாட்டேன் என்றது. அழுத்தி மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேப்பம்பட்டு ஸ்டேஷன் படியில் ஏறினார். பாதிப் படியில் அது தானாகத் திறந்து பேண்ட் பையைக் கிழிக்க, சாவிக்கொத்து படிப்படியாக இறங்கிப் போயிற்று. தொடை தப்பியது தெய்வாதீனம்.

அடுத்ததை ஆன்லைனில் எடுத்தார். நானூற்று எண்பது ரூபாய். ஒற்றைக் கையால் திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் கம்பெனி விலாசம் கொடுத்தார்.

புதன்கிழமை பார்சல் வந்தது. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு மண்டை ஓடு, அடியில் கொட்டை எழுத்தில் 'ஹன்ட்டர்'. கேட்டில் இருந்த செக்யூரிட்டி சின்னதுரை, விதிப்படி பிரித்துப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரில் 'துளசிராமன் சார், கத்தி, ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

மத்தியானம் கேன்டீனில் துளசிராமன் உட்கார்ந்த மேஜைக்கு யாரும் வரவில்லை. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வியாழக்கிழமை தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டும் ஜெயராஜ் வேலைக்கு வராததுதான் உறைத்தது.

"ஏன் வரல அவன்?" என்று சின்னதுரையிடம் கேட்டார்.

"பயந்துக்கினுகீறான் சார்."

"எதுக்கு?"

"திங்கக்கெழம அவன் அடிச்ச எண்ணூறு பீஸையும் தள்ளிட்டு, 'உன்ன இன்னா பண்றேன் பாரு'ன்னீங்க. புதங்கெழம உங்க பேருக்கு கத்தி வருது. ரெண்டுத்தையும் முடிச்சு போட்டுக்கினான்."

"அட, ரிப்போர்ட் எழுதுறேன்னு சொன்னேன்யா!"

"அத அவன்கிட்ட சொல்லுங்க சார். எனக்கு இன்னாத்துக்கு?" என்று சின்னதுரை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஒருத்தன் தன்னால் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் ஒளிந்திருக்கிறான். நேரில் போய்ப் பேசிவிடுவது, கத்தியையும் காட்டிவிடுவது என்று துளசிராமன் தீர்மானித்தார். பொருளைக் கண்ணால் பார்த்தால் சந்தேகம் போய்விடும் என்பது இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயராஜ் வீட்டு வாசலில் நின்றார். ஜெயராஜின் மனைவி ஈஸ்வரி கதவைத் திறந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் ஜெயராஜின் ஒரு கண் தெரிந்தது.

"ஜெயராஜு, பயப்படாத. இதோ பாரு, இவ்ளோதான் கத்தி" என்று கட்டைவிரலால் தட்டினார்.

டக்!

அலகு பூட்டிக்கொண்ட சத்தம் அடங்குவதற்குள் ஜெயராஜ் பின்வாசலைத் தாண்டியிருந்தான். ஒற்றைச் செருப்பு மட்டும் நடு வீட்டில் கிடந்தது. தெரு நாய்கள் குரைக்கும் திசையை வைத்துப் பார்த்தால், அவன் ஏரிக்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

"குடுங்கண்ணா, பாக்கலாம்" என்று ஈஸ்வரி இதமாகக் கையை நீட்டினாள்.

ஒருவராவது கேட்கிறாரே என்று துளசிராமன் ஆசையாக எடுத்துக் கொடுத்து, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். மடித்தாள். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவரு ஊட்டுக்குத் திரும்பி வர்ற வரிக்கும் இது உள்ளயே கெடக்கட்டும். மோர் சாப்புடுறீங்களாண்ணா?"

வேறு வழியில்லாமல் அவர் மோர் குடித்தார்.

சனிக்கிழமை காலை வேனில் கையை வெறும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்பிக் கொடுத்த ஒரே வேலை. மூன்று வாரம். முடிவில் கத்தி ஒரு பீரோவுக்குள். கடைசி சீட்டில், கதவுக்குப் பக்கத்தில், கத்தி பீரோவில் இருக்கிறது என்று ஈஸ்வரி போனில் சொன்ன தைரியத்தில் அத்தை வீட்டிலிருந்து நேராக வந்து ஏறிய ஜெயராஜ், பெரிய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தான்.

தோப்பில் இறங்கியதும் துளசிராமன் எல்லார் முன்னாலும் போய் நின்றார்.

"மேடம், கேம்ப்புக்கு நீங்க வாங்கச் சொன்ன கத்திய வாங்குனேன். ஆனா இப்ப கையில இல்ல" என்று ஆரம்பித்து, நகம், ஸ்டேஷன் படி, மண்டை ஓடு, மோர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலில் சிரித்தது ஜெயராஜ்தான்.

"தக்காளி வெட்டவா சார் வாங்குனீங்க? மூணு கிலோமீட்டரு ஒத்தச் செருப்போட ஓடினேன் சார்! கால்ல கீறது எங்க அத்த ஊட்டுக்காரரோட செருப்பு!"

சிரிப்பு தோப்பையே தூக்கியது. ஜெயராஜ் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல சார், கத்தி இல்லாம சமாளிச்சுக்கலாம்" என்றார்.

துளசிராமனின் நெஞ்சிலிருந்து எண்ணூறு பிராக்கெட்டின் பாரம் இறங்கியது. எவ்வளவு நல்ல மனுஷர்கள்! மூச்சை நன்றாக இழுத்து விட்டார். வேனின் டயரைக் கூடப் பார்க்காமல் ஏறியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அதுவும் சுகமாகவே இருந்தது.

ஏதாவது கை கொடுப்போம் என்று சமையல் கொட்டகைக்குப் போனார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசீர்வாதம் அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பலகையின் மேல் சின்னதும் பெரியதுமாக ஆறு கத்திகள் பளபளத்தன.

"அதுல ஒண்ணு குடுங்க, நானும் நறுக்குறேன். கத்தி கொண்டார வேண்டியது என் பொறுப்பு, கொண்டார முடியல" என்றார் துளசிராமன்.

ஆசீர்வாதம் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் கனிந்தது.

"ஓ, கத்தி சார் நீங்கதானா? இங்க எல்லாமே நாங்களே தர்றோம்னு மேடம்கிட்ட தோப்ப புக் பண்ண அன்னிக்கே சொல்லிட்டேனே சார்! மத்தவங்க நிம்மதியா ஏற்பாடு பண்ணட்டும்னு எல்லா கம்பெனிலயும் ஒருத்தருக்கு இந்த மாதிரி ஒரு வேலய குடுத்துடுறாங்க. போன வாரம் வந்தவரு பாவம், தெச காட்டுற காம்பஸ் வாங்க ஒரு மாசம் அலஞ்சாராம்."