நடுவில் நிற்கும் தாளம்

"மறுபடியும் பிசகுது, சார்," என்று ஒத்திகையை நிறுத்தினாள் கச்சேரியை நடத்தும் காரல். "ரெக்கார்டுல தாளம் நடுவுல டக்குனு நின்னு, அப்புறம்தான் திரும்ப வரும். நீங்க நிக்கவே மாட்டேங்கிறீங்க."

டிரம்ஸுக்குப் பின்னால் வெர்னல் டாக்கெட் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வயது எழுபத்திரண்டு. இதே மெம்ஃபிஸில், பாடகர் லோனி ரேபர்னை ஒரே பாட்டில் நட்சத்திரமாக்கிய இசைத்தட்டில் வாசித்தவர். உறையில் லோனியின் படம் மட்டும்தான் வந்தது. பாட்டு பதிவாகி இன்றோடு நாற்பது வருடம். இன்று மாலைதான் முதல்முறையாக இவர் பெயரை மேடையில் சொல்லப் போகிறார்கள். மனைவி ஓப்பல் அதற்கென்றே புதுத் தொப்பி வாங்கியிருக்கிறாள்.

பாட்டு காதுக்கு மனப்பாடம். கைக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

"மணிக்கட்டு வலிம்மா," என்று சொல்லிப் பார்த்தார். காரல் இரக்கப்பட்டுப் பாட்டின் வேகத்தைக் குறைத்தாள். இப்போது பிசகு பளிச்சென்று, கடைசி வரிசைவரை கேட்டது.

வெர்னல் அடுத்த பொய்க்குத் தாவினார். "நாங்க அன்னிக்கு வாசிச்சதே வேற. ரெக்கார்டுல அப்புறம் வெட்டி ஒட்டிட்டாங்க."

மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார். காரலுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்படியா சார்? அப்ப அந்த அசலையே வாசிங்க. இதுவரைக்கும் யாரும் கேட்காத அசல்னு அறிவிச்சிடறேன்." சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. வெர்னல், பக்கத்தில் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த பேஸ் வாத்தியக்காரர் க்ளெட்டஸிடம் குனிந்தார்.

"டேய், அன்னிக்கு நாம நெஜமா எப்படிடா வாசிச்சோம்?"

"எனக்கென்ன தெரியும். நாமதான் அங்க இல்லியே."

"என்னடா சொல்ற?"

"போஸ்டர்ல பாட்டு பதிவான தேதி போட்டிருக்கே, பாக்கலியா? அன்னிக்குத்தான் என் மூத்தவ பொறந்தா. நாம சோப்பு விளம்பரத்துக்கு வாசிச்சிட்டிருந்தோம். நீதான என்னை ஆஸ்பத்திரிக்குக் கார்ல கொண்டுபோய் விட்ட."

நாளுக்கு நாலு ஸ்டூடியோவுக்கு ஓடிய காலம். லோனிக்கு வாசித்த பாட்டுகளும் ஏராளம். எது எந்த நாள் என்று யார் கண்டது?

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ ஊரெல்லாம் சொல்றப்ப என் பேரையும் சேத்துத்தான சொன்ன. நல்லாத்தான் இருந்துச்சு."

வெர்னலுக்கு வெட்கத்தைவிடச் சலிப்புதான் அதிகமாக இருந்தது. நாற்பது வருடம் சுமந்தது அடுத்தவன் மூட்டை என்று தெரிந்தால் யாருக்குத்தான் கால் துவளாது. ஓப்பலின் புதுத் தொப்பி நினைவுக்கு வந்தது. இருந்தாலும் எழுந்தார்.

"வா, லோனிகிட்டயே சொல்லிடலாம்."

லோனி ரேபர்ன் ஒப்பனை அறையில், வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பழைய அழகன்; இப்போது முடியும் பல்லும் கடையில் வாங்கியவை.

"லோனி, மன்னிச்சிரு," என்றார் வெர்னல். "அந்தப் பாட்டுல வாசிச்சது நாங்க இல்ல. அன்னிக்கு உன்கூட யார் இருந்தாங்கன்னு சொல்லு. அவங்க பேரையாவது இன்னிக்கு மேடையில சொல்லிடலாம்."

லோனி ஈரக்காலோடு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அடப்பாவிகளா, பாடினது யாருன்னு உங்களுக்காவது தெரியும்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."