தலையில் தாங்கிய ஜிப்சம் போர்டு

"ஆளெல்லாம் வேண்டாம். நானே மாட்டுறேன்!" என்று நம்மவர் மார்தட்டியதற்குக் காரணம் மச்சினன். "மாமாவுக்கு பல்பு மாட்டவே ஆள் வேணும்" என்று போன தடவை கேலி பண்ணிவிட்டுப் போனவன், இன்று சாயங்காலம் மறுபடி வருகிறான். அதற்குள் படுக்கையறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

எப்படியோ மல்லுக்கட்டி எல்லா ஜிப்சம் போர்டையும் கூரையில் ஏற்றிவிட்டார். பாக்கி ஒன்றுதான். போர்டு மேலே போய்விட்டால் அதன் பின்னால் இருக்கும், ஸ்க்ரூ கவ்வ வேண்டிய இரும்புச் சட்டம் கண்ணுக்குத் தெரியாது.

"சட்டம் வர்ற இடத்துல சுவத்துல கோடு போட்டுக்கோங்க" என்றாள் மனைவி.

"எல்லாம் மனசுல இருக்கு. நீ போய் உக்காரு."

மேஜைமேல் ஏறி, போர்டைத் தலையால் முட்டுக்கொடுத்து, ஸ்க்ரூவை முடுக்கினார். அது உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. கவ்விப் பிடிக்க அங்கே சட்டம் இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இப்போது தலையை எடுத்தால் போர்டு விழுந்து நொறுங்கும். எடுக்காவிட்டால் கழுத்து நொறுங்கும்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"யோசிக்கிறேன்."

"தலையில போர்டோடயா?"

"கொஞ்சம் வந்து பிடியேன்!"

"எதுக்கு? எல்லாம்தான் மனசுல இருக்கே."

"கழுத்து போகுதுடி!"

அவள் நிதானமாக ஏணியைக் கொண்டுவந்தாள். அவர் ஸ்க்ரூ எடுக்கப் போன நேரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள், புண்ணியவதி. கோட்டுக்கு நேராக ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கினாள். ஒவ்வொன்றும் கச்சிதமாகக் கவ்வியது. போர்டின் மேல் காகிதம் கிழியாமல், ஸ்க்ரூவின் தலை மட்டும் லேசாக உள்ளே அமுங்கியது. அப்பாடா! நம்மவர் கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

"இது உன் தம்பிக்கு..."

"சேச்சே! புருஷனை விட்டுக்குடுப்பேனா? தனியா நீங்களே போட்டதாத்தான் சொல்லுவேன்."

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியையா தம்பி கட்சி என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று உருகினார்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். அண்ணாந்து பார்த்தான். வாயைப் பிளந்தான்.

"ஒரு ஸ்க்ரூகூட துருத்திக்கிட்டு இல்லையே! நெஜமாவே நீங்க மட்டுமா மாமா?"

"நான் மட்டும்தான்" என்றார் நம்மவர். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

"மாமா தனியாவே போட்டுடுவார்னு அக்கா போன வாரமே அடிச்சுச் சொன்னா, நான்தான் நம்பலை" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான் மச்சினன். "நாளைக்குக் காலையில வந்துடுங்க மாமா. எங்க வீட்டு நாலு ரூமுக்கும் போர்டு இறக்கி வச்சாச்சு!"